பிள்ளையார் மறைத்த முள்

இஞ்சாருங்கோ,

உங்களுக்கு எழுதத் தொடங்கினால் திட்டித்தான் எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமும் எழுதாமல் இருந்தேன். போன ஆளைப் பேசக்கூடாது என்று செத்தவீட்டில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் போன கிழமை குகன் தன் வானின் மீற்றரை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினானே, அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

குகனை உங்களுக்குத் தெரியாது. விசுவமடுவில் நாங்கள் கொட்டில் போட்டிருக்கிற காணிக்கு அடுத்த காணிக்காரன். பழைய வான் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டுகிறான். வதனியைப் புதுக்குடியிருப்புக் கிளினிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அந்த வானில்தான். ஓம், உங்கள் மகளுக்கு வயிற்றில் பிள்ளை. இன்னும் கொஞ்ச நாளில் பிரசவ நோ வந்துவிடும். வந்தால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் பக்கத்தில் வேறு வாகனம் இல்லை. மருமகனிடம் இருப்பது ஒரு சைக்கிள்.

அன்றைக்கு நான் முன் சீற்றில் இருந்தேன். உடையார்கட்டு தாண்டியதும் தற்செயலாகப் பார்த்தால், ஓயில் மீற்றரின் முள் அடியில் படுத்துக் கிடந்தது.

“தம்பி, ஓயில் முள்ளு விழுந்து கிடக்குது.”

“அது மீற்றர் பழுது அன்ரி,” என்று கண்ணாடியில் நகத்தால் தட்டினான். “காலமை ஸ்ராட் பண்ணேக்க வடிவா நிண்டது. வெயில் ஏற விழுந்திடும். ஓயில் நிறைய நிக்குது. நேற்றும் கம்பி விட்டுப் பாத்தனான், ஒரு சொட்டுக் குறையேல்லை. எண்ணெய் குடிக்காத எஞ்சின் இது.”

எண்ணெய் குடிக்காத எஞ்சின்! உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொல், அதே பெருமை. முகத்தைக்கூட உங்களைப் போலவே சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டான். எனக்கு உச்சியில் ஏறியது. பின்னால் வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். குழி வந்தபோதெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு முள்ளைப் பார்த்தேன். கிளினிக் வரும்வரை அந்த இரண்டையும்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஏ ஃபோர்ட்டிக் காரை நினைக்காமல் இருக்க முடியுமா? அது என் அப்பா எனக்குத் தந்த சீதனம். பொம்பிளை பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் முதலில் பார்த்தது என்னையல்ல. படலைக்குள் வந்ததும் பொனற்றைத் தூக்கித் தலையை உள்ளே விட்டீர்கள். நான் பலகாரத் தட்டோடு வந்து நின்றபோது உங்கள் கையில் கிறீஸ் பூசியிருந்தது. “எஞ்சின் நல்ல எஞ்சின்,” என்று என் அப்பாவிடம் சொன்னீர்கள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கலியாணம் முடிந்த பிறகும் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி உங்களைச் சீண்டியிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். “உம்மையும் நல்லாத்தான் பாத்தனான், சொன்னால் மாமா தலைக்கு மேல ஏறிடுவார்,” என்பீர்கள். உங்கள் சிரிப்பை நினைக்கும்போதும் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது.

முரசுமோட்டையில் அந்தக் காரை வைத்துத்தான் நாங்கள் சீவித்தோம். கலியாண மாப்பிள்ளையும் அதில்தான் போனான், பாம்பு கடித்தவனும் அதில்தான் போனான். வட்டக்கச்சியிலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்து படலையில் நின்று கூப்பிடுவார்கள். நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவீர்கள். நோயாளி என்றால் கூலியைப் பற்றிக் கதைக்கவே மாட்டீர்கள். அதில் நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அதை எழுதாமல் விட்டால் கடவுளுக்கே பொறுக்காது.

பிறகு தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, எஞ்சின் ஓயில் இல்லை. கொழும்பில் காற்றாடிக்குக் கீழே இருந்துகொண்டு எவனோ ஒருவன் பேனையால் எழுதினான், வன்னிக்கு இது போகக்கூடாது, அது போகக்கூடாது என்று. அவனுடைய பெண்சாதிக்கு நோ வந்தால் அவன் எதில் ஏற்றிப் போவான்? அவனை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவனுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன்.

நீங்கள் சோரவில்லை. சேலைன் குழாய் பூட்டிய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பொனற்றுக்குள் கட்டி, முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றுவீர்கள். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்கள். வெள்ளைப் புகை வளவெல்லாம் நிறையும். கொடியில் காய்ந்த என் சேலை எல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். வதனி பள்ளிக்கூடத்தில் போய் இருந்தால் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அதையும் பொறுத்தோம். ஊர் முழுக்க அப்படித்தானே ஓடியது.

ஒன்றைத்தான் நான் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். “ஆனையிறவுப் பக்கத்தாலயோ பரந்தன் பக்கத்தாலயோ எண்டைக்கோ ஒரு நாள் ஆமி அடிச்சுக்கொண்டு வருவாங்கள். அண்டைக்கு இந்தக் கார் ஓட வேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.” நினைவிருக்கிறதா? சேலை கேட்டேனா, சங்கிலி கேட்டேனா?

அதற்குத்தான் நீங்கள் அந்த டின்னை வைத்திருந்தீர்கள். சீல் உடைக்காத ஒரு கலன் எஞ்சின் ஓயில். எங்கேயிருந்து யாரிடம் கெஞ்சி எடுத்தீர்களோ, கட்டிலுக்குக் கீழே சாக்கால் மூடி வைத்தீர்கள். சாமியறைக்குள் வைக்காத குறை. “இது ஊரை விட்டு ஓடுற நாளைக்கு,” என்றீர்கள். நான் வீடு கூட்டும்போது தும்புத்தடி அதில் பட்டால்கூடச் சத்தம் போடுவீர்கள்.

டின் வந்த வருடத்து மாரி முடிந்த கையோடுதான் முள் விழத் தொடங்கியது. எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன வலுவோடு ஓடுகிறது என்று காட்டுகிற முள் அது. காலையில் நடுவில் நிற்கும். கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பினால் அடிக்கு வந்துவிடும். நீங்கள் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். அது அசையவில்லை. இறங்கி, ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தீர்கள். எண்ணெய் மேல் கோட்டில் நின்றது.

“பாத்தீரோ, ஓயில் நிறைய நிக்குது. அப்ப மீற்றர்தான் பழுது. வெயிலுக்கு இளகுது போல.”

அன்றைக்குத் தொடங்கியது அந்த மீற்றர் வைத்தியம். எஞ்சினிலிருந்து மீற்றருக்கு வருகிற மெல்லிய செப்புக் குழாயைக் கழற்றி வாயால் ஊதினீர்கள். சைக்கிள் பிறேக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்து அதற்குள் விட்டுக் குத்தினீர்கள். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினீர்கள். பழைய செருப்புத் தோலில் வாசர் வெட்டிப் போட்டீர்கள். வதனியின் பள்ளிச் சட்டையில் எண்ணெய் சிந்தியதுதான் மிச்சம். முள் எழும்பவில்லை. உங்கள் கூட்டாளி சிவம் தன் வளவில் கிடந்த பழைய லொறியிலிருந்து ஒரு மீற்றரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதையும் பூட்டிப் பார்த்தீர்கள். அதுவும் காலையில் நின்றது, மத்தியானம் விழுந்தது.

“இதுவும் பழுது,” என்றீர்கள்.

“ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுவினமோ?” என்று நான் கேட்டேன்.

“நீர் பேசாம இரும். உமக்கு எஞ்சின் தெரியுமோ?”

எனக்கு எஞ்சின் தெரியாது. எனக்குத் தெரிந்தது உங்கள் அழுக்குத் துணி. நீங்கள் அந்தக் கம்பியைத் துடைக்கிற சீலைத் துண்டைத் தோய்க்கிறவள் நான். முன்பெல்லாம் சவர்க்காரம் கரையும், கறை போகாது. முள் விழத் தொடங்கிய பிறகு தண்ணீரில் அலசினாலே போனது. மணந்து பார்த்தேன். எண்ணெய் மணம் இல்லை, குசினியில் என் அடுப்புக்கு விடுகிற மண்ணெண்ணெய் மணம். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடிக்கு இறங்கி எண்ணெயோடு கலக்கிறது என்று விளங்க எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதைத்தான் அன்று பின்னேரம் வந்து சொன்னேன். சிவமும் இருந்தார். நீங்கள் இருவரும் வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“பால்காரன் பாலுக்குத் தண்ணி விட்டால் செம்பு நிறைஞ்சுதான் இருக்கும். பால் கூடினதெண்டு நினைக்கிறதோ? உங்கட எண்ணெய் குறையாமல் நிக்கிறதும் அப்பிடித்தான். அந்த டின்னை உடைச்சு மாத்துங்கோ.”

நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் முதுகு குலுங்கும். “சிவம், கேட்டியோ? இவா என்ர எஞ்சினில பால் கறக்கிறா!” சிவமும் தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தார். அடுத்த கிழமை சந்தியில் ஒரு பெடியன் என்னைப் பார்த்து, “மாமி, இண்டைக்கு ஏ ஃபோர்ட்டி எத்தினை போத்தல் கறந்தது?” என்று கேட்டான். அதை நீங்கள் போய் ஊரெல்லாம் சொல்லியிருந்தீர்கள். நான் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சமைக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவுமில்லை, வதனியோடு பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள்.

திரும்பவும் சண்டை பிடித்தேன். டின்னைப் பற்றிக் கேட்டபோது, “ஓடுற நாளைக்கு எண்டு வைச்சதை இப்ப உடைச்சால், ஓடுற நாளைக்கு என்ன செய்யிறது?” என்றீர்கள். அதற்கு முன்னமே எஞ்சின் செத்தால் டின்னை மடியில் வைத்துக்கொண்டு போவதா என்று கேட்டேன். நீங்கள் எழும்பி வெளியே போனீர்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிள்ளையார் படம். கோயில் திருவிழாவில் வாங்கிய ஒட்டுப்படம். அதை மீற்றரின் கண்ணாடி மேலே ஒட்டினீர்கள். குழாயையும் நுனியில் மடித்து நசுக்கி விட்டீர்கள்.

“இனி அது கதைக்காது. உமக்கும் பார்த்துப் பயப்பிடத் தேவையில்லை.”

பிள்ளையாரே, நீரும் அதற்கு உடன்பட்டீரே என்று அவரோடும் எனக்குக் கோபம். உள்ளே ஒரு முள் விழுந்து கிடக்க, மேலே அவர் மோதகத்தோடு சிரித்துக்கொண்டு இருந்தார். நான் அந்தக் காரில் ஏறிய நாளெல்லாம் அவருடைய தும்பிக்கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

நான் பயந்த நாள் அந்த ஆடியில் வந்தது. விடிய முதலே பரந்தன் பக்கத்தில் ஆமியின் செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது. சனம் எல்லாம் முல்லைத்தீவு றோட்டால் கிழக்கே போனது. நெல் மூட்டை, சட்டி பானை, வதனியின் புத்தகப் பெட்டி, தையல் மெசின் எல்லாவற்றையும் காரில் ஏற்றினோம். கட்டிலுக்குக் கீழே இருந்த டின்னை நீங்கள் உங்கள் கையாலேயே தூக்கி டிக்கியில் வைத்தீர்கள். முன்னால் மாடுகளும் ட்ரக்டர்களும். முதலாம் கியரிலேயே ஊர்ந்துகொண்டு போனோம். எஞ்சின் கொதித்தது. கண்டாவளைச் சந்திக்குக் கிட்டப் போனபோது அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் மெல்லமாக, பிறகு சுத்தியலால் அடிக்கிற மாதிரி. பிறகு ஒரே இழுவை. கார் நின்றது.

நீங்கள் இறங்கி ஹாண்டில் போட்டீர்கள். அது அசையவில்லை. முழுப் பலத்தோடும் தொங்கிப் பார்த்தீர்கள். எஞ்சின் இறுகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் விலத்தச் சொல்லிக் கத்தினார்கள். நீங்கள் போய் டிக்கியைத் திறந்து அந்த டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“இப்ப ஊத்துங்கோ!” என்று நான் கத்தினேன். “இதுதானே ஓடுற நாள்! ஊத்துங்கோவன்!”

“அம்மா, அப்பாவைப் பேசாதேங்கோ,” என்று வதனி அழுதாள். அவளையும் ஏசினேன். றோட்டில் போன சனமெல்லாம் எங்களைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சிவத்தின் ட்ரக்டரில் ஏறித் தருமபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மாமரத்துக்குக் கீழே எங்களுக்கு ஒரு பாய் அகல இடம் கிடைத்தது. மறுநாள் காலை, சிவத்தோடு போய்க் காரை இழுத்துக்கொண்டு வரப்போவதாகச் சொன்னீர்கள்.

“விடுங்கோ. அது இனி இரும்பு,” என்றேன்.

“உம்மட அப்பா தந்தது. றோட்டில விடேலாது.”

“அப்பா இருந்தால் அவரும் விடத்தான் சொல்லுவார். அந்த முள்ளு அப்பவே சொன்னது. நானும் சொன்னனான். ஒருக்கால் எண்டாலும் கேட்டீங்களோ?”

நீங்கள் சறத்தை மடித்துக் கட்டினீர்கள். என்னைப் பார்க்கவில்லை. “வந்து கதைப்பம்,” என்றீர்கள்.

அதுதான் கடைசி. ட்ரக்டரில் கயிறு கட்டுவதற்காக நீங்கள் காருக்கு முன்னால் குனிந்து நின்றபோது செல் விழுந்ததாம். சிவத்துக்குக் காலில் காயம். காயத்தோடு அவர்தான் உங்களை ட்ரக்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். என்னைக் கண்டதும், “தங்கச்சி, நான் அண்டைக்குச் சிரிச்சிருக்கக்கூடாது,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவராவது அதைச் சொன்னார்.

நீங்கள் சொல்லவில்லை. அதுதான் என் கோபம். செத்தது உங்கள் பிழையில்லை. செல் அடித்தவனுக்கு நான் இடுகிற சாபம் வேறு, அது தினமும் நடக்கிறது. ஆனால் கண்டாவளைச் சந்தியிலிருந்து தருமபுரம் வரைக்கும் நீங்கள் என் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? ‘நீர் சொன்னது சரி’ என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு அழுகை அழுது ஆறியிருப்பேன். நீங்களும் அந்த வீம்புக்குக் காரைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். முள் பழுதில்லை என்று ஒப்புக்கொள்ள ஏலாமல், காரைத் திருத்திக் காட்டப் போனீர்கள். அப்படித்தான் நான் நினைக்கிறேன். இல்லையென்றால் வந்து இல்லை என்று சொல்லுங்கள்.

டின் என்னிடம் இருந்தது. தருமபுரத்திலிருந்து இங்கே வரைக்கும் நான் கொண்டுவந்த பொருட்களில் வதனிக்கு அடுத்தது அதுதான். எத்தனையோ பேர் கேட்டார்கள். உங்கள் எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சாப்பாட்டுக்கு வந்த ஒருவர்கூடச் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு கேட்டார். எவருக்கும் கொடுக்கவில்லை. கொட்டிலின் மூலையில் அதே சாக்கால் மூடி வைத்தேன். ஆசையில் வைத்த பொருளில்லை அது. காலையில் எழும்பினால் அதைப் பார்த்து உங்களோடு ஒரு சண்டை. சண்டை இல்லாவிட்டால் பொழுது எப்படித் தொடங்கும்?

போன கிழமை கிளினிக்கால் வந்ததும் குகனைப் பொனற்றைத் திறக்கச் சொன்னேன். கம்பியை இழுத்து அவன் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.

“மணந்து பார்.”

“மண்ணெண்ணெய் வான் மண்ணெண்ணெய்தானே அன்ரி மணக்கும்.”

“அது புகையில மணக்கலாம். கம்பியில மணக்கக்கூடாது.” பாலுக்குத் தண்ணீர் விட்ட கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சிரிக்கட்டும் பார்ப்போம் என்று. அவன் சிரிக்கவில்லை. கம்பியைத் திரும்பவும் மணந்தான். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். பிறகு வதனி கொட்டிலுக்குள் மெல்ல நடந்து போவதைப் பார்த்தான்.

“புது ஓயிலுக்கு நான் எங்க போவன் அன்ரி?”

நான் உள்ளே போய் டின்னைத் தூக்கி வந்தேன். சாக்கை உரித்தபோது அவன் வாய் திறந்தபடி நின்றான். டின்னின் சீலை நானே உடைத்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கும்.

வேப்பமரத்துக்குக் கீழே வானை நிறுத்தி, அடியில் தாச்சியை வைத்துப் பழையதைத் திறந்துவிட்டான். எண்ணெயா அது? தேத்தண்ணிச் சாயம் மாதிரி சளசளவென்று ஊற்றியது. கடைசிச் சொட்டு வரை வடியவிட்டுப் பூட்டி, உங்கள் டின்னைக் கவிழ்த்தோம். அது தேன் மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. தள்ளி ஸ்ராட் பண்ணினோம். முள் எழும்பியது. எனக்கு அது போதாது, எஞ்சின் ஆறியிருந்தால் எந்த முள்ளும் எழும்பும். “சந்தி வரைக்கும் ஓடு, சூடாகட்டும்,” என்றேன். ஏறி முன்னால் இருந்தேன். நல்ல வெயில். சந்திக்குப் போனோம், திரும்பினோம், இன்னொரு தடவை போனோம். முள் நட்டு வைத்த மாதிரி நடுவிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது வதனி தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். குடிக்கவில்லை. வானின் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். குகன் பயந்துபோனான். “அன்ரி, எங்கயாவது தேடி ஒரு டின் திருப்பித் தருவன்,” என்றான். நான் டின்னுக்கு அழுகிறேன் என்று நினைத்தான் பாவம். நான் அழுதது அந்தப் பொழுதுக்கு. ஒரு தேத்தண்ணி வைக்கிற பொழுதுதான் ஆனது. அவ்வளவுதான் வேலை. அந்த மாரி முடிந்த பிறகு எத்தனை பின்னேரம் நீங்கள் வாங்கில் சும்மா இருந்தீர்கள்?

இப்போது வெறும் டின் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிற நாளில் இனி அதைத்தான் கொண்டுபோவேன். வதனிக்கு நோ வந்தால் வான் போகும், அந்தப் பயம் எனக்கு இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது. அதை நான் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கப் போவதில்லை. அது உங்களுக்கு என்று வைத்தது.

வந்து கதைப்பம் என்றீர்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதனால் நானே கதைத்து முடித்துவிட்டேன். இனி உங்கள் முறை. சொல்லுங்கோ, மீற்றர் பழுதோ?